பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனத்திற்கு

மலிவாகக் கிடைக்கும் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர், பெயின்டின் பொலிவைப் பார்ப்பதற்கு முன், சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். துருப்பிடித்திருந்தாலும் பாகங்கள் குறையாத வண்டியையே நான் பரிந்துரைப்பேன். காணாமற்போன பாகங்களைத் தேடுவதில்தான் பணமும் பொறுமையும் கரைகின்றன.

கிக்கரை மெல்ல அழுத்தும்போது இன்ஜின் அசையாவிட்டால், வலுக்கட்டாயமாக மிதிக்காமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாட்கள் ஊறவிட்ட பிறகே மீண்டும் முயல வேண்டும். இல்லாவிடில் பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடக்கூடும். நெடுங்காலம் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் எனும் நுண்துளையை அடைத்திருக்கும் என்பதால், டேங்கின் துருவை நீக்கி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பின்னரே ஸ்டார்ட் செய்யுங்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும், பழைய டயர்களை அவசியம் மாற்றிவிடுங்கள்.