சி. எஸ். லூயிஸைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்னியா கதைகளையும் கிறிஸ்தவ விசுவாச நூல்களையும் எழுதிய சி. எஸ். லூயிஸ் பற்றிய ஆய்வேடுகளையும் கருத்தரங்கக் கட்டுரைகளையும் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை பல வருடங்களாக என் தலையில் இருக்கிறது. சின்ன வயதில் நார்னியா படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு; ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் விழுகிற பள்ளங்கள் என்னவோ அதேதான். சிலவற்றில் நானும் விழுந்து எழுந்திருக்கிறேன் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

லூயிஸின் சுயசரிதையான 'சர்ப்ரைஸ்ட் பை ஜாய்' அவர் மனைவி ஜாய் டேவிட்மனைப் பற்றிய புத்தகம் என்று எழுதுவது, ஆக்ஸ்ஃபோர்டு மாட்லின் கல்லூரியையும் கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியையும் ஒன்றாக்கிவிடுவது மாதிரியான சங்கதிகளை இங்கே விட்டுவிடுகிறேன். யாராவது ஒரு தடவை சிரித்தால் தானாகச் சரியாகிவிடும்.

இணையத்தில் கிடைத்த மேற்கோள்

"உனக்கு ஆன்மா இல்லை, நீயே ஆன்மா" என்பது லூயிஸ் எழுதியதல்ல. புத்தகமும் அத்தியாயமும் காட்ட முடியாத எதையும் வெட்டிவிடுங்கள்.

பிசாசு சொன்னதை லூயிஸ் தலையில் கட்டுவது

'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' 1942ல் வந்தது. மூத்த பிசாசு ஒன்று தன் மருமகனுக்கு எழுதும் 31 கடிதங்கள். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து "லூயிஸ் கூறுகிறார்" என்று போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறார்கள்: ஸ்க்ரூடேப் வேண்டாம் என்றால் லூயிஸ் வேண்டும் என்கிறாராம். அதுவும் எப்போதும் சரிவராது. பிசாசு பொய்யன், தன் பக்கத்து நியாயத்தில்கூட அவன் சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று லூயிஸே முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். முன்னுரையைப் படியுங்கள், இரண்டு பக்கம்தான்.

"விவாதத்தில் தோற்றார், அதனால் நார்னியா எழுதினார்"

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். நல்ல ஆய்வேடுகளைக் கவிழ்த்ததும் இதுதான்.

கதை இப்படிப் போகும். 1948 பிப்ரவரி 2 அன்று கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி விவாதிக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் சாக்ரட்டிக் கிளப்பில் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற இளம் தத்துவவாதி ஒரு கட்டுரை வாசித்தார். லூயிஸ் அதற்கு முந்தைய வருடம் வெளியிட்டிருந்த 'மிராக்கிள்ஸ்' புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து மேய்ந்தார். லூயிஸ் நொறுங்கிப்போனார். அன்றோடு கிறிஸ்தவத்துக்காக வாதாடுவதை மூட்டை கட்டிவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை எழுதப் போய்விட்டார். நார்னியாவின் வெள்ளைச் சூனியக்காரி அந்த ஆன்ஸ்கோம்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பிக்கை, தோல்வி, கற்பனை மூன்றும் ஒரே முடிச்சில் வந்துவிடுகின்றன. 'வாதத்திலிருந்து கதைக்கு' என்று அத்தியாயத் தலைப்புகூடத் தயார். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர் தன் ஆய்வேட்டின் நடு அத்தியாயத்தை முழுக்க இதன் மேலேயே கட்டியிருந்தார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "இதை முதலில் சொன்னவர் யார்?" நம் ஆள் "எல்லாருமே சொல்லியிருக்காங்க சார்" என்றார். ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. நடு அத்தியாயத்தை உருவியதும் அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை ஒட்டவில்லை. வேலைக்குப் போட்டிருந்த விண்ணப்பம் ஒன்று அந்தத் தாமதத்தில் கைநழுவிப் போனது.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து அவருடைய அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தோம். ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டியது, அது ஒரு புத்தகத்தைக் காட்டியது. கடைசியில் பெரும்பாலானவை போய் நின்றது இரண்டு இடங்களில்: லூயிஸும் எழுத்தாள நண்பர்களும் கூடிய இன்க்ளிங்ஸ் குழுவைப் பற்றி ஹம்ஃப்ரி கார்ப்பென்டர் 1978ல் எழுதிய புத்தகம், ஏ. என். வில்சன் 1990ல் எழுதிய வாழ்க்கை வரலாறு. இரண்டுமே அந்தச் சாயங்காலத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை. அதற்காக இவர்கள் இட்டுக்கட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. லூயிஸின் மாணவர் டெரெக் ப்ரூவர், நண்பர் ஜார்ஜ் சேயர் இருவரும் லூயிஸ் அந்த விவாதத்தால் கலங்கியிருந்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இனி அந்த மாதிரிப் புத்தகம் தன்னால் எழுத முடியாது என்று லூயிஸ் சொன்னதாகவே சேயர் எழுதுகிறார்.

ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஆன்ஸ்கோம் என்ன சொன்னார் என்று முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை. 1981ல் வந்த தன் கட்டுரைத் தொகுதியின் முன்னுரையில் அவர் இதைப் பேசியிருக்கிறார். சில குறிப்பிட்ட ஆட்சேபங்களைப் பற்றிய நிதானமான உரையாடலாகத்தான் அது தன் நினைவில் இருக்கிறதாம். சில வாரம் கழித்து லூயிஸோடு ஆன்ஸ்கோமையும் விருந்துக்கு அழைத்த நண்பர் டாக்டர் ஹாவர்டுக்கும் லூயிஸ் நொந்துபோயிருந்ததாக ஞாபகம் இல்லை. அந்த அத்தியாயத்தை லூயிஸ் திருத்தி எழுதியது அவருடைய நேர்மையையும் அக்கறையையும் காட்டுகிறது என்றும் ஆன்ஸ்கோம் சொல்கிறார். இன்னொன்று: ஆன்ஸ்கோம் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவர் அன்று தாக்கியது ஒரு வாதத்தை. கடவுள் நம்பிக்கையைத் தாக்க வந்த எதிரி என்று அவருக்கு வேஷம் கட்டினால்தான் சூனியக்காரிக் கதை நிற்கும். அந்த வேஷம் அவருக்குப் பொருந்தவில்லை.

சரி, வாதம்தான் என்ன? இதைப் படிக்காமலே "தோற்றார்" என்று எழுதுகிறவர்கள் அதிகம். லூயிஸ் 1947ல் சொன்னது சுருக்கமாக இது: நம் எண்ணங்கள் எல்லாம் அறிவற்ற காரணங்களால் விளைந்தவை என்றால், இயற்கையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்ற எண்ணமும் அப்படி விளைந்ததுதான், அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? ஆன்ஸ்கோமின் ஆட்சேபம்: புத்தியைக் கெடுக்கிற காரணம் வேறு, புத்தியோடு சம்பந்தமே இல்லாத காரணம் வேறு, இரண்டையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். ஒரு முடிவு ஒருவர் மண்டைக்குள் எப்படி வந்தது என்பதும் அந்த முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

லூயிஸ் இதைக் கேட்டுக்கொண்டார். 1960ல் வந்த பேப்பர்பேக் பதிப்பில் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பே மாறியிருக்கிறது. உள்ளே ஒரு தாத்தா வருகிறார். நேற்று சிங்கி இறால் சாப்பிட்டதால் தாத்தாவுக்கு இன்று உடம்பு சரியில்லை, இது காரணம். தாத்தா இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால் அவருக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருக்க வேண்டும். இது நாம் ஊகித்துக்கொள்வதற்கான ஆதாரம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டு வாதத்தை மறுபடி மேலே கட்டுகிறார். வாதத்தையே கைவிட்ட மனிதர் இப்படி ஒரு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவாரா?

தேதிகளும் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. பிற்பாடு நார்னியாவின் முதல் கதையாக வளர்ந்த, நான்கு குழந்தைகளைப் பற்றிய ஒரு தொடக்கப் பத்தியை இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்திலேயே வேறொரு கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் லூயிஸ் எழுதிவைத்திருந்தார். அதே கதையில் பனிக் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதனின் சித்திரம் பதினாறு வயதிலிருந்தே மனதில் இருந்ததாக அவரே சொல்கிறார். அதேபோல 1948க்குப் பிறகு அவர் வாய் மூடிவிடவும் இல்லை. 'மியர் கிறிஸ்டியானிட்டி' தொகுப்பாக வந்தது 1952ல். பைபிளில் உள்ள சங்கீதங்களைப் பற்றிய புத்தகம் 1958ல். 'தி ஃபோர் லவ்ஸ்' 1960ல். இந்தப் புத்தகங்களின் தொனி பழையதிலிருந்து மாறியிருப்பது உண்மை. மோதுவது குறைந்து தியானிப்பது கூடியிருக்கிறது. ஏன் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதற்குப் பதில் தேடும்போது அந்த வருடங்களில் வீட்டில் படுத்த படுக்கையாகிக்கொண்டிருந்த, போரில் இறந்த நண்பரின் தாய் மிஸஸ் மூர், அண்ணன் வார்னியின் குடி, எழுதி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த பதினாறாம் நூற்றாண்டு இலக்கிய வரலாறு எல்லாமே கணக்கில் வர வேண்டும். 'ஆக்ஸ்ஃபோர்டு ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் லிட்டரேச்சர்' என்ற அந்த வரிசையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓ ஹெல்' என்றே அவர் நொந்துகொண்டிருந்தார். பாவம், 1949ல் உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரியிலும் படுத்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "லூயிஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பக்தி கூடியவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1950ல் சாக்ரட்டிக் கிளப்புக்குப் பேச்சாளர்களைச் சிபாரிசு செய்து எழுதிய கடிதத்தில் லூயிஸ் ஆன்ஸ்கோம் பெயரைச் சொல்கிறார். வாதாடுகிறவன் என்ற முறையில் என்னை அழித்துவிட்டாரே, அப்படியானால் என் இடத்துக்கு அவர்தானே வர வேண்டும் என்கிறார். இது வேடிக்கையா, வலியா, இரண்டுமா? கடிதத்தை முழுதாக எடுத்துப் போட்டு, ப்ரூவரையும் சேயரையும் ஒரு பக்கமும் ஆன்ஸ்கோமை இன்னொரு பக்கமும் வைத்து எழுதினால் அந்த அத்தியாயம் எந்த வைவாவிலும் நிற்கும்.

நான் கோபப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சம்பவத்தைக் காரணமாக நட்டுவிட்டால் புத்தகத்தைப் படிப்பது நின்றுவிடுகிறது. சூனியக்காரி என்றால் ஆன்ஸ்கோம், சிங்கம் அஸ்லான் என்றால் லூயிஸ் மீட்டெடுத்த நம்பிக்கை என்று விடைத்தாள் மாதிரி எழுதிக்கொண்டே போகிறார்கள். அந்தச் சூனியக்காரி சிறுவன் எட்மண்டுக்கு டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்பைக் கொடுக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் ஆசை எப்படி வரி வரியாகத் திருகப்படுகிறது என்று பார்க்க ஆளில்லை.

பதிப்பைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது

மேலே சொன்ன 'மிராக்கிள்ஸ்' ஓர் உதாரணம். 1948 விவாதத்தை விளக்க 1960 பதிப்பிலிருந்து மேற்கோள் எடுத்தால், ஆன்ஸ்கோம் படிக்காத அத்தியாயத்தை ஆன்ஸ்கோம் தாக்கியதாகிவிடும். இதை அச்சில் பார்த்திருக்கிறேன். 'மியர் கிறிஸ்டியானிட்டி'யும் அப்படித்தான். 1941 முதல் 1944 வரை பிபிசி வானொலியில் பேசியவை முதலில் சிறு நூல்களாக வந்து, பிறகு திருத்தப்பட்டு ஒன்றாயின. போர்க்கால நேயர்கள் காதில் விழுந்ததும் உங்கள் கையில் இருக்கும் புத்தகமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றில்லை. நார்னியாவின் பழைய அமெரிக்கப் பதிப்பில் ஓநாய்த் தலைவன் பெயரே வேறு. மௌக்ரிம் அங்கே ஃபென்ரிஸ் உல்ஃப்.

மனம் திரும்பியது ஒரே ராத்திரியில் என்று எழுதுவது

இரண்டு படிகள் உண்டு. முதலில் கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டது. சுயசரிதையில் லூயிஸ் இதை 1929 என்கிறார். கடிதங்களை வைத்துப் பார்த்தால் 1930 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அலிஸ்டர் மெக்ராத் 2013ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வாதாடுகிறார். எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது. இரண்டாவது, கிறிஸ்துவை ஏற்றது. 1931 செப்டம்பர் 19 இரவு நண்பர்கள் டோல்கீனும் ஹ்யூகோ டைசனும் அவரோடு நடந்துகொண்டே பேசிய பேச்சு, சில நாள் கழித்து விப்ஸ்னேட் மிருகக்காட்சி சாலைக்குப் போன பயணம், அக்டோபர் 1 அன்று சிறுவயது நண்பர் ஆர்தர் க்ரீவ்ஸுக்கு எழுதிய கடிதம் எல்லாம் இதில் அடங்கும். "டோல்கீன் லூயிஸை மதம் மாற்றினார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தால் டைசன் எங்கே போனார்? வால்டர் ஹூப்பர் தொகுத்த மூன்று பெரிய கடிதத் தொகுதிகள் இருக்கும்போது சுயசரிதையை மட்டும் நம்பி உட்காருவது சோம்பேறித்தனம்.

நார்னியாவை உருவகக் கதை என்பது

ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கருத்துக்கு வேஷம் கட்டி வரும் இடைக்கால உருவகக் கவிதைகளைப் பற்றி 1936ல் ஒரு தடித்த புத்தகம் எழுதியவர் அவர். நார்னியா அந்த வகை இல்லை என்று அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். உருவகம்தான் வேண்டும் என்றால் 1933ல் வந்த 'பில்கிரிம்ஸ் ரிக்ரெஸ்' இருக்கிறது, அதை எடுங்கள்.

சினிமாவை ஆதாரமாகக் காட்டுவது

லூயிஸ், ஜாய் இருவரின் கதையைச் சொல்லி 1993ல் வந்த 'ஷேடோலேண்ட்ஸ்' படத்தில் ஜாய்க்கு ஒரு பையன். நிஜத்தில் இரண்டு பேர்.

சம்பளம் வாங்கிய வேலையை மறந்துவிடுவது

லூயிஸ் 1925லிருந்து ஆக்ஸ்ஃபோர்டிலும் 1954லிருந்து கேம்பிரிட்ஜிலும் சம்பளம் வாங்கியது ஆங்கில இலக்கியம் கற்பித்து. அதிலும் இடைக்காலமும் மறுமலர்ச்சிக் காலமும்தான் அவருக்குச் சொந்த ஊர். விசுவாச நூல்களையும் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறவர்கள் இந்த மூன்றாவது அலமாரியைத் திறப்பதே இல்லை.

ஒரு மாணவி 1938ல் வந்த 'அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்' நாவலைப் பற்றி எழுதியிருந்தார். விண்கலத்தில் கிடக்கும் நாயகன் ரான்சம், வெளியே இருட்டும் குளிரும் இருக்கும் என்று நினைத்திருந்தவன், வெளிச்சம் கொட்டுவதைப் பார்த்து வியக்கும் இடம். அதை பைபிளின் பரலோகம் என்று எடுத்துக்கொண்டு வசனங்களாக அடுக்கியிருந்தார். லூயிஸ் இறந்த மறு வருடம், 1964ல் வந்த 'தி டிஸ்கார்டட் இமேஜ்' புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். இடைக்கால மனிதன் அண்ணாந்து பார்த்த வானம் அதில் இருக்கிறது: அந்த வானம் முழுக்க ஒளியாலும் இசையாலும் நிறைந்தது, நாம் காணும் இரவு பூமியின் கூம்பு நிழல் மட்டுமே. படித்துவிட்டு அவர் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினார். வசனங்களில் பாதி தானாகவே போய்விட்டது. மீதியை வெட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.