முதல் புத்தகத்தை நாமே அச்சுக்குக் கொண்டுபோவது எப்படி?

எழுதி முடித்தாயிற்று, பிழை பார்த்தாயிற்று, அட்டைக்கு ஒரு படமும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். என் புத்தகத்தை மயிலாடுதுறையில் இருந்தபடியே கொண்டுவந்தேன். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை.

ஐஎஸ்பிஎன்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண். இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். பின்னட்டையில் பார்கோடு வர வேண்டும் என்பதால், அட்டை வடிவமைக்கும்போதே எண் கையில் இருக்க வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த 13 இலக்க எண்ணை இலவசமாகத் தருகிறது. பதிப்பகம் வைத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் என்ற பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். “நாங்களே வாங்கித் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பதிப்பகத்தின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். அப்போது பதிவேட்டில் வெளியீட்டாளர் நீங்கள் இல்லை.

எழுத்துரு: இங்கேதான் நிதானம் வேண்டும்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். நம் பக்கத்து டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) மையங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான். நீங்கள் யூனிகோடில் (கைபேசியிலும் இணையத்திலும் இப்போது நாம் தட்டும் தமிழ்) கொடுத்தாலும் அவர்கள் அதைப் பழைய எழுத்துக்கு மாற்றித்தான் பக்கம் அமைப்பார்கள். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பாமினியில் ‘அம்மா’ என்று இருப்பது கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள், அவ்வளவுதான். அதனால் உள்ளே தேட முடியாது. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சில குறிகளும் மாற்றும்போது தாறுமாறாகிவிடும். எல்லாவற்றையும்விட, அச்சுக்கு முன் பார்த்த கடைசித் திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும். நாளைக்கு மின்னூல் போடவோ இரண்டாம் பதிப்பு கொண்டுவரவோ நினைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே, தொடக்கம் முதல் முடிவு வரை யூனிகோடு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கும் முன்பே, முடிந்த கோப்பு உங்களுக்கு யூனிகோடில் வேண்டும் என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தால் இன்னொன்றும் இருக்கிறது. ‘கொக்கு’ என்று ஒட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். உடனே எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பத்தி அமைப்பில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கொக்கு, கௌரி, ஸ்ரீ, நூறு, பையன், அஃது: இந்த ஆறு சொற்களை ஒரு பக்கத்தில் அடித்து, பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். அதில் ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் மற்றவையும் ஒழுங்காக வரும்.

என் தேர்வு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு. விலையில்லை, விற்பனைக்கான புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். லதா எழுத்துரு திரைக்குச் சரி, தாளில் நீண்ட நேரம் படிக்க எனக்கு ஒப்பவில்லை. மென்பொருள் வாங்க வசதி இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் போதும். கதை, கட்டுரைப் புத்தகத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

பக்கக் கணக்கு

அச்சகத்தில் பாரக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்தான் ஒரு பாரம், அதாவது 16 பக்கம். 130 பக்கம் வந்தால் ஒன்று 128 ஆக்குங்கள், இல்லையென்றால் 144 வரை நிரப்புங்கள். எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்தாலே ஒரு பாரம் மிச்சமாகலாம். இது நம் மண்ணில் பழைய சங்கதிதான். தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளை விழுங்கின. காகிதத் தட்டுப்பாடு வேறு. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அதற்காகக் கண்ணை நோகடிக்கும் அளவுக்குக் குறைத்துவிடாதீர்கள், 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவுக்குக் கீழே போக வேண்டாம்.

புத்தக அளவுக்கு அச்சகங்களில் டெம்மி என்று சொல்லும் அளவு, உள்தாளுக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்ற தாள், பழுப்புச் சாயல் உள்ளது. முதல் பதிப்புக்கு இது போதும்.

எப்போது கொடுப்பது?

கும்பகோணம், மயிலாடுதுறை அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் தினப்படி சோறு. முகூர்த்த மாதங்களில் உங்கள் புத்தகம் மூலையில் கிடக்கும். மார்கழியில் காலண்டர், டைரி, சென்னைப் புத்தகக் காட்சி வேலைகள். ஆடி மாதம்தான் தோது. அப்போது அச்சகக்காரர் உட்கார்ந்து பேசுவார், மாதிரிப் பிரதி ஒன்று போட்டும் காட்டுவார்.

மின்னூல்

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் மின்னூலை நீங்களே ஏற்றலாம். பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பு அல்லது இபப் என்ற மின்னூல் கோப்பு கொடுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்தை இது கட்டுப்படுத்தாது.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அட்டை சுருண்டுகொள்கிறது என்றார் ஒருவர். ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் காரணம். லேமினேஷன் அட்டையின் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சும். கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

நூலகங்களுக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லியில் குறிப்பிட்ட நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். கன்னிமாராவில் நம் புத்தகம் இருப்பது சாதாரண விஷயமா?

வாசகர்களுக்கு அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய கியான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவை இருக்கிறது. 5 கிலோ வரை புத்தகம் போகும். ஆனால் புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். உள்பக்க விவரங்களில் அந்த வரி இருக்கிறதா என்று அச்சுக்கு அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.