வர்ஜீனியாவில் மான் வேட்டை நாய் உங்கள் நிலத்துக்குள் வந்தால்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சவுத்சைடு என்று சொல்லும் தெற்குப் பகுதியில் 18 ஏக்கர் வாங்கிக் குடியேறிய முதல் வருடம், நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. வாசல்படியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. வெள்ளையும் பழுப்பும் கலந்த உடம்பு, நீளமாகத் தொங்கும் காது, கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு ஒரு சின்ன ஆன்டெனா. தூரத்தில் காட்டுக்குள் இன்னும் பல நாய்கள் விடாமல் குரைத்துக்கொண்டே ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி கேட்டைத் தாண்டி நேராக எங்கள் வயலுக்குள் வந்தது. மழையில் ஊறிய மண்ணில் இரண்டு ஆழமான தடங்களைப் போட்டுவிட்டு, நாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அன்று எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது என்றே எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் புதிதாக நிலம் வாங்கும் நம் ஆட்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூ ரிட்ஜ் மலைக்கு மேற்கே பொதுவாக நாய் விட்டு மான் வேட்டையாடக் கூடாது. கிழக்கே பெரும்பாலான கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அனுமதி உண்டு. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கும். கிழக்கே பல கவுண்டிகளில் ஜனவரி முதல் சனி வரை போகும். ஞாயிற்றுக்கிழமை நாய் விட்டு மான் வேட்டை கிடையாது. மாநில வனவிலங்கு வளத் துறை வருடா வருடம் வெளியிடும் விதிப் புத்தகத்தில் உங்கள் கவுண்டியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். நாய், ஆள், வண்டி, இந்த மூன்றையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. இது புரிந்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

வேறு நிலத்தில் மானைத் துரத்தத் தொடங்கிய நாய், மோப்பம் பிடித்து உங்கள் எல்லைக்குள் ஓடி வந்தால் அது மட்டும் குற்றமாகாது. ஆனால் அறிவிப்பு வைத்த நிலத்தில், உங்கள் சம்மதம் இல்லாமல், வேண்டுமென்றே வேட்டைநாயை அவிழ்த்துவிட்டால் அது குற்றம். 500 டாலர் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் செய்தால் தண்டனை இன்னும் கடுமை, வேட்டை உரிமமும் ஒரு வருடத்துக்குப் போய்விடும். "அறிவிப்பு வைத்த" என்பதைக் கவனியுங்கள். பலகை இல்லையென்றால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. வேட்டையாடத் தடை என்ற பலகையைக் கண்ணில் படும் இடத்தில் அடியுங்கள். பலகைக்குப் பதில் மரத்திலோ கம்பத்திலோ வண்ணக் கோடும் போடலாம்: செங்குத்துக் கோடாக, குறைந்தது 2 அங்குல அகலம், 8 அங்குல நீளம், கோட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 3 அடிக்கும் 6 அடிக்கும் இடையில். எந்தப் பெயின்ட், என்ன நிறம் என்பதைத் துறைதான் சொல்லும், கேட்டுக்கொண்டு வாங்குங்கள். சாலை நுழைவு ஒவ்வொன்றிலும், பொதுச் சாலையையும் பொது நீர்வழியையும் ஒட்டிய எல்லையிலும் கோடு தெரியவேண்டும். எனக்கு இதற்கு இரண்டு வார இறுதி ஆனது.

ஆளுக்கு வருவோம். தடை செய்த நிலமானாலும், ஓடி வந்த தன் நாயைப் பிடிக்க மான் வேட்டைக்காரர் உள்ளே வரலாம். இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த உரிமைக்கு வரம்பு இருக்கிறது. துப்பாக்கியோ வில்லோ கையில் இருக்கக் கூடாது, உள்ளே வந்து வேட்டையாடவும் கூடாது. அவர் யார் என்று நீங்கள் கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றே மறுத்தால் அதுவே குற்றம், 250 டாலர் வரை அபராதம். அதனால் குரலை உயர்த்தாமல் வணக்கம் சொல்லி, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். (நரி, ரக்கூன் வேட்டைக்காரர்களுக்குச் சட்டம் இன்னும் தாராளம், அது வேறு கதை.)

வண்டிக்கு அந்த உரிமை இல்லை. நாயைப் பிடிக்க வண்டியில் வரவேண்டுமானால் நில உரிமையாளர் அனுமதி கண்டிப்பாக வேண்டும். என் வயலில் விழுந்த தடத்தை அன்றே தடுத்திருக்கலாம். வரம்பு மீறினால் மல்லுக்கு நிற்காதீர்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்து, வனவிலங்குத் துறையின் கன்சர்வேஷன் போலீஸை (வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் போலீஸ்) கூப்பிடுங்கள்.

கடைசியாக, அந்த நாய். அதன் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். வர்ஜீனியாச் சட்டப்படி நாய் ஒருவரின் சொத்து; அடிப்பதும் பூட்டி ஒளித்துவைப்பதும் உங்களைத்தான் மாட்டிவிடும். உரிமையாளர் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி அந்த ஆன்டெனாப் பட்டையைக் கழற்றுவது தனிக் குற்றம், சிறைக்கும் இடமுண்டு. பட்டையில் பெரும்பாலும் பித்தளைத் தகடு ஒன்று ஆணியடித்திருக்கும், அதில் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிடுங்கள்.

போன டிசம்பரில் வந்த பெட்டை நாய்க்கு முன்னங்கால் அடியில் முள் ஏறி, விரலிடுக்கில் ரத்தம் உறைந்திருந்தது. முள்ளை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மூன்று முறை நிரப்பவேண்டியிருந்தது. தகட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டதும் ஒரு பெரியவர் வந்தார். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கி இல்லாமல், கயிற்றோடு நடந்து வந்தார். அவருடைய எண் இப்போது என்னிடம் இருக்கிறது. பருவம் தொடங்கும் முன் நானே கூப்பிட்டு, எங்கள் எல்லை எது, பிள்ளைகள் எந்தப் பக்கம் விளையாடுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.