மூதாதையரின் வாழ்க்கையைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி

ஒரு மூதாதையரைத் தேடப் புறப்படுகிறவர் அவரை ஒதுக்கிவைத்துவிட்டுத் தம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். தாம், பெற்றோர், அவர்களுடைய பெற்றோர் என ஒவ்வொரு படியையும் ஓர் ஆவணத்தால் உறுதிசெய்துகொண்டே பின்னோக்கிச் செல்வதுதான் முறை. ஒரு தலைமுறையை ஊகத்தால் தாண்டிவிட்டால், அதே பெயர்கொண்ட வேறொருவருடைய வரலாற்றை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்க நேரிடும். வீட்டிலுள்ள முதியவர்களிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும்.

எந்த ஆவணம் கிடைத்தாலும், அதிலுள்ள தகவலைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று பார்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் இறந்த நாளும் இடமும் பெரும்பாலும் உடனிருந்தவர் சொன்னவை, அவற்றை நம்பலாம். அதே தாளிலுள்ள வயதும் தாயின் பெயரும், துக்கத்திலிருந்த மகனோ மருமகளோ தாம் கேள்விப்பட்டதை வைத்துச் சொன்னவையாக இருக்கலாம். இங்கிலாந்தில் ஒருவர் 1911இல் தம் 70ஆவது வயதில் இறந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1840 அல்லது 1841 என்றாகிறது. ஆனால் 1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்கு வயது 7 என்றிருந்தால், 1843 அல்லது 1844 என்று வருகிறது. வீட்டில் ஓடியாடும் பிள்ளையின் வயதில் பெற்றோர் மூன்று ஆண்டு தவறுவது அரிது. ஆகவே நான் பின்னதையே ஏற்பேன். பதிவேட்டின் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும்: அந்நாட்டின் 1841 கணக்கெடுப்பில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப் பணித்திருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 என்றே பதிவாகியிருக்கக்கூடும்.

பெயர்களை எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதால், ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆள் அகப்படமாட்டார். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை ஒலியொத்த குடும்பப் பெயர்களை ஒரே குறியீட்டின்கீழ் சேர்க்கிறது. முதல் எழுத்தே மாறியிருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவர்களுடைய பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற குடும்பக் கதையை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

சில பதிவேடுகள் இன்று இல்லவே இல்லை. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தால் அழிந்தது. அயர்லாந்தின் டப்ளினிலிருந்த ஆவணக் காப்பகம் 1922இல் எரிந்தது. இன்னும் சில பூட்டியிருக்கின்றன: அமெரிக்கா 72 ஆண்டுகள் காத்திருந்து, 1950 கணக்கெடுப்பை 2022இல்தான் வெளியிட்டது. அத்தகைய இடைவெளியை நில ஆவணம், வரிப் பதிவு, உயில், வழக்குக் கட்டு ஆகியவற்றைக் கொண்டு நிரப்பலாம்.

திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறிய பெண்களைப் பிடிப்பதுதான் மிகக் கடினம். அதற்குத் திருமணப் பதிவில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களைத் தேடுவது உதவும். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்களாகவோ நெருங்கிய உறவினராகவோ இருப்பார்கள். ஒன்றும் கிடைக்காத தேடலையும், எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டுகளில், எந்தெந்த எழுத்துக்கூட்டலில் பார்த்தோம் என்று குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பக்கங்களை மறுபடியும் புரட்டிக்கொண்டிருப்போம்.