காரைக்குடி: கோயில் காலையில், வீடுகள் மதியத்தில்

காரைக்குடியையும் சுற்று ஊர்களையும் ஒரே நாளில் பார்க்கிறீர்களா? காலையில் குன்றக்குடி முருகன் கோயிலையும் பிள்ளையார்பட்டி விநாயகர் கோயிலையும் முடித்துவிட்டு, மதியத்தை ஆத்தங்குடி, கானாடுகாத்தான் ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணி ஆகலாம். வரிசையை மாற்றிப் போட்டால், வாடகை வண்டிக்குக் காத்திருப்புக் காசு கொடுத்துக்கொண்டு கோயில் வாசலில் உட்கார வேண்டியதுதான்.

இந்த வீடுகளுக்கோ உச்சி வெயில்தான் பொருத்தமான நேரம். தடித்த சுவர், உயரமான கூரை, காற்றோட்டமான முற்றம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்ததுமே குளிர்ச்சி தெரியும். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் (டைல்) செய்யும் பட்டறையைத் தவறவிடாதீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கட்டம் கட்டமாகக் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூ அப்படியே நிற்கும்; அப்புறம்தான் மணலும் சிமெண்டும். சூளையே கிடையாது.

விநாயகர் சதுர்த்தி, தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற நாட்களில் இந்தக் கணக்கு எடுபடாது. கூட்டத்திலேயே பொழுது போய்விடும். ஞாயிறு, பண்டிகை நாட்களில் பட்டறையில் வேலை நடக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.