பழைய அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்
ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழைய அம்பாசிடர் திணறாமல் ஏற வேண்டுமா? பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பழைய பாயிண்ட், கண்டென்சரை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலைப் போடலாம், நல்ல யோசனைதான். அதற்கு முன், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென ஆடினால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

இக்னிஷன் காயிலுக்கு முன், வோல்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால், மாட்யூலின் பிளஸ் ஒயரை அதற்கு முன்பே கொடுங்கள். முழு 12 வோல்ட் கிடைக்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினால் மாட்யூல் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே பேஸ் பிளேட்டில் இருக்கும் சின்ன எர்த் ஒயரையும் பாருங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம் டைமிங் லைட் வைத்து, தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபாருங்கள். கழற்றிய பாயிண்ட், கண்டென்சரைத் தூக்கிப் போடாதீர்கள். வழியில் மாட்யூல் மக்கர் செய்தால் அவற்றை மாட்டி அடிவாரம் வந்துவிடலாம்.