ஸ்டூடியோவுக்குப் போகும் முன் அலமாரியைத் திறங்கள்

வேலை விண்ணப்பத்துக்கு, லிங்க்ட்இன் பக்கத்துக்கு, கருத்தரங்க அழைப்பிதழுக்கு என்று இன்று பலருக்கும் நல்ல மார்பளவுப் படம் ஒன்று தேவைப்படுகிறது. ஸ்டூடியோவில் படம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளக்கைச் சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதும், பொருந்தாத சட்டையைச் சரிசெய்ய என்னிடம் வழி இல்லை. முந்தைய நாள் மாலையே, கையில் செல்பேசியோடு, கீழே உள்ளபடி செய்துபாருங்கள்.

1. பின்னணித் திரையின் நிறத்தைக் கேளுங்கள்

ஸ்டூடியோவுக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். வெள்ளைத் திரைக்கு முன் வெள்ளைச் சட்டை அணிந்தால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. பாஸ்போர்ட் படத்துக்கும் பின்னணி வெள்ளைதான் என்பதால் அதற்கும் அடர்நிறமே நல்லது. கறுப்புத் திரை என்றால் கறுப்புக் கோட்டும் தலைமுடியும் சேர்ந்து இருட்டில் கரைந்துவிடும். பச்சைத் திரை வைத்துப் பின்னணியை மாற்றப்போகிறார்கள் என்றால் பச்சை உடையைத் தொடாதீர்கள். திரையோடு உங்கள் உடையும் காணாமல் போகும்.

2. முகத்தின் நிறத்தோடு துணியை வைத்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தானாக வெளிச்சத்தை அளக்கும் கேமரா, எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. பளீர் வெள்ளைச் சட்டை படத்தில் பாதியை அடைத்துக்கொண்டால், வெளிச்சம் கூடுதல் என்று எண்ணி எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். சட்டை அழகாக விழும், முகம் கறுத்துப்போகும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “என் நிறத்துக்குப் படம் நன்றாக வராது” என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. முகத்தை வெளுப்பாக்கித் தரும்படி கேட்காதீர்கள், சட்டையை மாற்றுங்கள்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் கருநீலம், அரக்கு, மயில்கழுத்து நிறம், இளநீலம் ஆகியவை நன்றாக எடுக்கும். தோலின் நிறத்துக்கு மிக அருகில் வரும் பழுப்பைத் தவிருங்கள். வெள்ளை கட்டாயம் என்றால் மேலே ஒரு கோட் போட்டு, வெள்ளை ஒரு பட்டையளவு மட்டும் தெரியும்படி வையுங்கள். வெள்ளைக் கோட்டிலேயே நிற்க வேண்டிய மருத்துவர்கள், முகத்தை வைத்து வெளிச்சத்தை அளக்கும்படி சொல்லலாம். செல்பேசியில் எடுத்தால் திரையில் முகத்தைத் தொட்டால் போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஜன்னலைப் பார்த்து நின்று ஒவ்வோர் உடையிலும் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முகமும் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த உடை வேண்டாம். பிறகு படத்தைக் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்குங்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் உங்களைப் பார்க்கப்போவது அந்த அளவில்தான். முதலில் கண்ணில் படுவது முகமா, சட்டையா?

கிளிப்பச்சை, பளீர் ரோஸ் போன்ற நிறங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. விளக்கொளி துணியில் பட்டுத் தெறித்து, தாடைக்குக் கீழே அதே நிறத்தைப் பூசிவிடும்.

3. நெருக்கமான கோடுகளையும் பொடிக் கட்டங்களையும் ஒதுக்குங்கள்

கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. துணியின் கோடுகள் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் படத்தில் விழும்போது, சட்டையில் இல்லாத அலைகளும் வானவில் போன்ற கறைகளும் தோன்றும். பின்னர் அதை நீக்குவது பெரும்பாடு. ஒரே நிறத் துணி, அல்லது பெரிய கட்டம் போதும்.

4. புடவை என்றால் தோளை மட்டும் கவனியுங்கள்

மார்பளவுப் படத்தில் புடவையின் உடல் தெரியாது. தெரிவது முந்தானை மடிப்பும் கரையும் ரவிக்கையின் கழுத்தும் கையும்தான். விரிந்த ஜரிகைக் கரை தோளில் ஏறும்போது விளக்கொளியை வாங்கி அப்படியே திருப்பி அடிக்கும். கல்லூரிப் பணிக்கான படத்துக்கு ஒரு பெண் புதுப் பட்டுப் புடவையில் வந்தார். எப்படி நிறுத்தினாலும் கரைதான் முன்னால் வந்தது. மாற்றிப் போகக் கொண்டுவந்திருந்த அரக்குநிறக் கைத்தறிப் புடவையைக் கட்டிவரச் சொன்னேன். பருத்தி ஒளியை மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். அடுத்த படத்திலேயே அவருடைய கண்கள் தெரிந்தன. அந்தப் படத்தையே அவர் தேர்ந்தெடுத்தார்.

பட்டுதான் வேண்டும் என்று மனம் சொன்னால் குறுகிய கரையாக எடுங்கள். மடிப்பை ஊக்கால் குத்தி, ஊக்கு வெளியே தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

5. அளவைச் சரிபாருங்கள்

காலர் பொத்தானைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கோட் அணிந்து உட்காரும்போது பொத்தானைக் கழற்றி, பின்பக்கத்தைக் கீழே இழுத்து அதன்மேல் உட்காருங்கள், கழுத்தருகே துணி மேலெழும்பாது. வெளிர்நிறச் சட்டைக்குள் பனியனின் விளிம்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் நின்று பாருங்கள்.

6. புறப்படும்போது

இஸ்திரி போட்ட உடையை உடுத்திக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள். ஹேங்கரில் மாட்டி எடுத்து வாருங்கள், கூடவே வேறு நிறத்தில் இன்னொன்றும் இருக்கட்டும். அடையாள அட்டை நாடா, சட்டைப் பையிலுள்ள பேனா, செல்பேசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பொட்டு, விபூதி, முக்காடு என்று நாள்தோறும் உங்களோடு இருப்பவற்றை யாருக்காகவும் மாற்ற வேண்டாம். உங்களை நேரில் பார்ப்பவர் படத்திலும் அடையாளம் காண வேண்டும்.

வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி என்றால் அது தெளிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். எனவே கொஞ்சம் முன்னதாகவே வந்து, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, வியர்வை அடங்கிய பிறகு உடை மாற்றுங்கள்.